கைக்குட்டை போடாத இடம்

சாத்தூரில் வெள்ளையம்மாள் டாக்கீஸை இடித்தபோது ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். தேக்குக் கதவுகள் ஒரு புது வீட்டுக்குப் போயின, இரும்பு நாற்காலிகள் கல்யாண மண்டபத்துக்குப் போயின, பெஞ்சுகள் டீக்கடைகளுக்குப் போயின, வெள்ளைத் திரையைக்கூட ஒருவர் சுருட்டிக்கொண்டு போய் அதில் மிளகாய் வத்தல் காயப்போட்டார். எல்லாரும் எடுத்து ஓய்ந்த பிறகு சேவுக்கடை குருசாமியின் மகள் சுகப்பிரியா போய் நின்று, சுவரில் யாரும் சீந்தாமல் தொங்கிக்கொண்டிருந்த இடைவேளை மணியைக் கேட்டாள். தோசைக்கல் அகலத்துக்கு இருந்த அந்தக் கரண்டு மணியைக் கழற்றிக் கொடுத்தார்கள், அவள் அதை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அந்த மணி அடித்து அவள் ஒருநாளும் கேட்டதில்லை, அவள் பிறப்பதற்கு முந்தியே டாக்கீஸைப் பூட்டிவிட்டார்கள்.

அவள் எப்போதுமே அப்படித்தான். தான் பிறப்பதற்கு இருபது வருஷம் முந்திய உலகத்தில் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தவள் மாதிரி தேடிக்கொண்டே இருப்பாள். பழைய இரும்புக் கடைகளில் புகுந்து டேப் ரெக்கார்டரும் சிக்கிப்போன கேசட்டுகளும் அட்டை கிழிந்த பாட்டுப் புத்தகங்களும் பொறுக்கிக்கொண்டு வருவாள், கேசட்டின் பல்லில் பென்சிலை விட்டுச் சுற்றிக்கொண்டே தெருவில் நடப்பாள், தையல்காரர் இப்ராகிம் பாயிடம் புஃப் கை வைத்த புள்ளி ஜாக்கெட்டும் தரையைக் கூட்டுகிற பெல்பாட்டமும் தைக்கக் கொடுப்பாள், அவரும் இதை நான் முதன்முதலில் தைத்தபோது எனக்குத் தலையில் முடி இருந்தது என்று சொல்லிக்கொண்டே தைத்துக் கொடுப்பார். ஃபிலிம் போடுகிற பழைய கேமரா ஒன்று வைத்திருந்தாள். ஃபிலிம்தான் எங்கேயும் கிடைக்கவில்லை. ஆனாலும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து, தெருக்காரர்கள் எங்களை வரிசையாக நிற்கவைத்து, சிரிக்கச் சொல்லி, ஃபிலிம் இல்லாமலே படம் எடுப்பாள். நாங்களும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்று சிரிப்போம்.

எங்கள் வாலிபத்தை எங்களுக்கே வந்து சொல்கிறவளை என்ன செய்வது. அந்தக் காலத்தில் எல்லாருக்கும் நேரம் இருந்ததாமே, ஒரு பாட்டைக் கேட்க வாரக்கணக்கில் காத்திருப்பீர்களாமே என்று அவள் கேட்கும்போது, ஆமாம் என்று சொல்ல எங்களுக்கும் ஆசையாகத்தான் இருக்கும். அவள் அம்மா கனகமணி மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாள். அந்தக் காலத்தில் டாக்கீஸில் மூட்டைப்பூச்சி இருந்தது, படம் பார்த்துவிட்டு வந்தால் தொடை முழுக்கத் தடிப்பாக இருக்கும், அதைத் தவிர எனக்கு வேறொன்றும் ஞாபகம் இல்லை என்பாள். சுகா அதை நம்பியதே இல்லை.

உட்கார்ந்தால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. பி.காம். முடித்துவிட்டு அப்பாவின் கடையில் கல்லாவில் உட்காருவாள், உட்கார்ந்த இடத்தில் கால் ஆடிக்கொண்டே இருக்கும், எழுந்து வாசலுக்கு வருவாள், வாசலில் இருந்து தெருமுனைக்குப் போவாள், தெருமுனையில் நின்று யாரோ வரப்போகிறார்கள் என்று பார்ப்பாள், யாரும் வர மாட்டார்கள், திரும்பி வருவாள். இந்த வருஷம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று இப்ராகிம் பாயிடம் ஒருநாள் சொன்னாளாம். எந்த வருஷம் ஒத்துக்கொண்டது என்று அவர் கேட்டதற்கு, நான் பிறக்காத வருஷம் எல்லாம் ஒத்துக்கொண்டது என்றாளாம்.

கடை ஷட்டருக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவில் இருந்த சுவரில் மணியை மாட்டி, கைக்கெட்டுகிற இடத்தில் ஒரு சுவிட்சும் வைக்கச் சொன்னாள். எலக்ட்ரீசியன் ஒயரைச் சொருகிவிட்டு இறங்கினார். பங்குனி வெயில் சாய்ந்து தெருவில் நிழல் இறங்குகிற நேரம் பார்த்து, எப்படித்தான் சத்தம் கேட்கும் என்று அவள் சுவிட்சைப் போட்டாள். மணி அடித்தது. அடித்ததும் எங்கள் தெருவுக்கு இடைவேளை விட்டார்கள்.

சலூனில் ஒரு கன்னம் மழித்து ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு இருந்தவர் எழுந்தார், நடுவீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்த புருஷனும் பெண்டாட்டியும் பாதி வார்த்தையில் நிறுத்தினார்கள், கணக்கில் முட்டை வாங்கிய மகனை அடிக்க ஓங்கிய கையை அப்பா இறக்கினார், அடுப்பில் பொங்கி வந்த பால் பொங்கிய உயரத்திலேயே நின்றது, தறிக்காரர் தறியில் இருந்து காலை எடுத்தார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டியவள் வாளியை வைத்தாள், எல்லாரும் வெளிச்சம் கூசுகிற மாதிரி கண்ணைக் கசக்கிக்கொண்டு, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, கொண்டையை முடிந்துகொண்டு, தாங்கள் இருந்த இடத்தில் ஒரு துண்டையோ கைக்குட்டையையோ போட்டுவிட்டு, பேசிக்கொண்டே தெருவுக்கு வந்தார்கள். யாரும் பதறவில்லை, யாரும் இது என்ன என்று கேட்கவில்லை. குருசாமி கடையில் காராச்சேவுப் பொட்டலம் வாங்கினார்கள், டீ குடித்தார்கள், வெள்ளரிக்காய் கூடைக்காரி எங்கிருந்தோ சரியாக வந்து சேர்ந்தாள். ஒரு டீயும் ஒரு பொட்டலமும் தீருகிற நேரம் போனதும் சுகா மறுபடி மணியை அடித்தாள். எல்லாரும் உள்ளே போய், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, விட்ட வார்த்தையில் இருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள். பால் பொங்கி வழிந்தது.

மறுநாளும் அடித்தாள், அதற்கு மறுநாளும் அடித்தாள், எங்களுக்கு அது பழகிப்போயிற்று. இடைவேளை என்று வந்துவிட்டால் நாங்கள் எங்கள் வாழ்க்கையை விட்டு வெளியே வந்து நின்றோம், வெளியே வந்து நின்றவர்கள் படத்தைப் பற்றிப் பேசாமல் வேறெதைப் பேசுவார்கள். சண்டைக்கார பெண்டாட்டி தன் புருஷனிடமே சேவை நீட்டி, முதல் பாதி ஒரே இழுவை, அந்தப் பொம்பளை நகையைப் பற்றியே எத்தனை நேரம் பேசுவாள் என்றாள். அவன் அந்த ஆள் மட்டும் யோக்கியமா, அம்மா பேச்சைக் கேட்டு ஆடுகிறான் என்று தன்னையே குறை சொன்னான். கையை ஓங்கிய அப்பா, பையனைக் கூப்பிட்டு, அடுத்த காட்சியில் அந்த ஆள் அடிக்கப்போகிறான், நீ கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் நல்லது என்று சொல்லிக் கொடுத்தார். பிரசவ வலியெடுத்த ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவிய வெள்ளரிக்காய் தின்றுவிட்டு, நிதானமாக உள்ளே போய்ப் பெற்றெடுத்தாள். மாசக்கணக்கில் படுக்கையில் கிடந்த பொன்னுச்சாமி ஐயா எழுந்து வந்து, ஸ்ட்ராங்காக ஒரு டீ வாங்கிக் குடித்து, எனக்கு இரண்டாம் பாதி கொஞ்சம்தான் இருக்கிறது, ஆனால் முதல் பாதி மோசமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

தெருக் கமிட்டி கூடிப் பேசியது. தினம் ஒரு இடைவேளை, நாலு மணி டீ நேரத்தில், பரீட்சைக் காலத்தில் மட்டும் பிள்ளைகளுக்காகக் காலையில் ஒன்று என்று முடிவானது. பக்கத்துத் தெருக்காரர்கள் எங்களுக்கும் வேண்டும் என்று வந்து கேட்டதற்கு, மணிச்சத்தம் எட்டுகிற வரைக்கும்தான் இடைவேளை, வேண்டுமானால் எங்கள் தெருவுக்குக் குடி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். வீட்டு வாடகை அந்த மாசமே ஏறிவிட்டது.

கமிட்டி போட்ட சட்டத்தில் முக்கியமானது துண்டைப் பற்றியது. எங்கள் ஊரில் பஸ் ஜன்னல் வழியாக ஒருவன் துண்டைப் போட்டுவிட்டால் அந்த இடம் அவனுடையதுதான், பெரிய அதிகாரியே ஏறி வந்தாலும் அதை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார மாட்டார், நின்றுகொண்டுதான் வருவார். இடைவேளைக்கும் அதேதான். சலூனில் ஒருநாள் துண்டு போடாமல் ஒருவர் எழுந்து வந்துவிட்டார், இரண்டாம் மணி அடித்தபோது அந்த நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்துவிட்டார், உட்கார்ந்தவர் மீதிச் சவரத்தை முடித்துக்கொண்டு, முதலாமவரின் வீட்டுக்குப் போய், அவருடைய தட்டில் சாப்பிட்டு, அவருடைய மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார். வீட்டில் யாரும் வித்தியாசம் பார்க்கவில்லை, முதலாமவரைத்தான் வாசலில் நிற்கவைத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். மறுநாள் இடைவேளையில் அவர் ஓடிப்போய் முதலில் துண்டைப் போட்டு இடத்தை மீட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு சின்னப் பிள்ளைகள்கூட மூக்குத் துடைக்கிற துணியையாவது போடாமல் எழுந்திருப்பதில்லை.

சுகா மட்டும் போட்டதே இல்லை. மணி அடிக்கிறவள் அவள்தானே. முதல் மணி அடிக்கும்போதே அவள் வெளியே நிற்பாள், இரண்டாம் மணியை அழுத்திவிட்டு அதன் சத்தம் ஓய்வதற்குள் பெல்பாட்டத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்த் தன் இடத்தில் விழுவாள். சொந்த வீட்டில் யாராவது துண்டு போடுவார்களா என்று கேட்பாள்.

கைக்குட்டையை எப்போதும் இடுப்பில் சொருகிக்கொண்டு, போடுவதற்கு இடமில்லாமல் இருந்தவளும் அதே வீட்டில் இருந்தாள். மாரிச்செல்வி கனகமணிக்கு ஏதோ வகையில் ஒன்றுவிட்ட அக்காள் மகள். தாய் தகப்பன் இல்லாதவள், பெரியம்மா வீட்டில் கொஞ்ச நாள், மாமன் வீட்டில் கொஞ்ச நாள் என்று வளர்ந்து, கடைசியில் குருசாமி கடையில் சேவுப் பொட்டலம் மடிக்க வந்தவள். அது நின்றுகொண்டே செய்கிற வேலை. சாப்பிடும்போதும் அடுப்பங்கரைக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டே சாப்பிடுவாள், உட்காரேன்டி என்று கனகமணி சொன்னால், இருக்கட்டும் சித்தி, நின்று பழகிவிட்டது என்பாள். இடைவேளையில் எல்லாரும் துண்டு போடும்போது அவள் தன் கைக்குட்டையை எடுத்து, சுற்றிலும் பார்த்து, மறுபடி இடுப்பில் சொருகிக்கொள்வதை நாங்கள் பார்த்திருக்கிறோம். பூ வேலை செய்த, ஓரம் அடித்த நல்ல கைக்குட்டை அது.

கனகமணி மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும் மணிக்கு நேரம் காலம் இல்லாமல் போயிற்று. ஜாதகம் என்று வாயெடுத்தால் சுகா ஓடிப்போய் மணியை அடித்தாள், தரகர் செருப்பைக் கழற்றினால் அடித்தாள். இடைவேளையில்தான் அவளுக்கு நிம்மதி. எல்லாரும் எந்த அவசரமும் இல்லாமல் கையில் டீ டம்ளரோடு மர நிழலில் நின்று பேசிக்கொண்டிருக்க, தெரு அவள் பழைய போட்டோக்களில் பார்த்த தெருவாக ஆகிவிடும், அவள் ஃபிலிம் இல்லாத கேமராவால் படம் படமாக எடுத்துத் தள்ளுவாள். எங்களுக்குத்தான் திண்டாட்டம். உலையில் அரிசி வேகவில்லை, இட்லி மாவு புளிக்கவில்லை, ஒரு சண்டையை உருப்படியாக முடிக்க முடியவில்லை, ஒரு தூக்கத்தைத் தொடர்ந்து தூங்க முடியவில்லை. சேவு தின்று தின்று வாய் புண்ணாகிப்போனது. அவளுக்கு இருந்த இருப்புக் கொள்ளாமை கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் கால்களுக்கும் வந்து சேர்ந்தது.

சிவகாசியில் இருந்து ஞானகுரு பெண் பார்க்க வந்த நாளும் அப்படித்தான் ஆனது. அவன் காலண்டர் அச்சடிக்கிற ஆபீஸில் இருந்தான். எப்போதும் வரப்போகிற வருஷத்தையே பார்த்துப் பார்த்து, நடக்கிற வருஷத்தில் என்ன கிழமை என்றால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வான், அடுத்த வருஷத் தீபாவளி என்ன கிழமை என்றால் உடனே சொல்வான். சுகாவைப் பாயில் உட்காரவைத்தார்கள். பட்டுப் புடவைக்குப் புள்ளி ஜாக்கெட் போட்டிருந்தாள், கழுத்தில் கேமரா. மாரிச்செல்வி பலகாரத் தட்டோடு கதவோரம் நின்றாள். பெண்ணுக்குப் பாடத் தெரியுமா என்று மாப்பிள்ளையின் அத்தை கேட்டு வாய் மூடவில்லை, சுகா எழுந்து போய் மணியை அடித்துவிட்டாள்.

வந்தவர்களும் மரியாதையாகத் துண்டு போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். ஞானகுரு கோலி சோடா இரண்டு வாங்கிக்கொண்டு நேராக அவளிடம் வந்தான்.

"அந்தப் பொண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா உக்காந்த எடத்துல நெலையா இல்ல. எந்திரிச்சுப் போயிருவா போலருக்கு" என்றான்.

"அவளுக்கு இந்தக் கதையே பிடிக்கல."

"இதுக்குப் பெறகு என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க ஆசை இல்லையா அவளுக்கு?"

"இதுக்குப் பெறகு எதுக்கு? இங்கயே நல்லாத்தான இருக்கு" என்றாள் சுகா.

அவன் கோலியை விரலால் தள்ளி ஒரு வாய் குடித்தான். அடுத்த வருஷக் காலண்டரில் ஒவ்வொரு தேதியாகப் பிழை பார்க்கும்போது, இந்தக் கட்டத்தில் யாருக்கு என்ன நடக்குமோ என்று தனக்குப் படபடப்பாக இருக்கும் என்றும், அந்தப் படபடப்பு இல்லாமல் தன்னால் இருக்க முடியாது என்றும் சொன்னான். அவன் சொன்னது அவளுக்குள் எங்கேயோ தைத்துவிட்டது, தைத்த இடம் எது என்று தெரியாமல் எரிச்சலாக வந்தது. போய் சுவிட்சைப் போட்டாள். இரண்டாம் மணி அடித்தது. எல்லாரும் உள்ளே போனார்கள், அவன் வாசற்படியில் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

அவள் ஓடியிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு ஆளில்லாத தெரு அத்தனை அழகாக இருந்தது. காலி டம்ளர்களும், கசங்கிய பொட்டலக் காகிதங்களும், சாய்ந்த வெயிலும், பாதி குடித்த சோடா பாட்டிலும். ஒரே ஒரு படம் என்று கேமராவைக் கண்ணில் வைத்தாள். விரலை அழுத்தினாள். அழுத்திவிட்டுக் கேமராவை இறக்கியபோது மணி ஓய்ந்திருந்தது.

உள்ளே பாயில் ஒரு இடம் காலியாகக் கிடந்தது. அதில் துண்டு இல்லை. துண்டு போடாத காலி இடம் ஒன்றை மாரிச்செல்வி தன் ஆயுளில் அன்றுதான் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள். மெதுவாக, பாய் நோகாமல், உட்கார்ந்தாள்.

"சுகா, பாடத் தெரியுமான்னு அத்தை கேக்குறாங்கல்ல" என்று கனகமணி அவளைப் பார்த்துச் சொன்னாள். மாரிச்செல்வி பாடினாள். நன்றாகவே பாடினாள்.

சுகா ஓடி வந்து வாசலில் நின்றாள். மூச்சு வாங்கியது. குருசாமி எழுந்து வந்து, அவளை மேலும் கீழும் பார்த்து, கடைக்காரருக்கு உரிய கனிவோடு கேட்டார்.

"யாரும்மா? சேவு வேணுமா?"

முதல் இரண்டு நாள் அவள் அதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறோம். கல்யாணப் பேச்சு இல்லை, கூப்பிடுகிறவர் இல்லை, கேட்பார் இல்லை, அவள் ஆசைப்பட்ட முடியாத இடைவேளை அவளுக்குக் கிடைத்துவிட்டது. தெருமுனைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். இப்ராகிம் பாய் கடையின் பின்கட்டில் தங்கிக்கொண்டாள், அவர் எந்த ஊரம்மா என்று கேட்டுவிட்டு அளவு நாடாவை எடுத்து ஒரு பெல்பாட்டம் தைத்துக் கொடுத்தார், அவர் தைத்த ஜாக்கெட்டையே பார்த்து இதை யார் தைத்தது, நல்ல கை என்றார். பிறகு ஒரு காலையில் ஜன்னல் வழியாகக் கனகமணி மாரிச்செல்விக்குத் தலை வாரிவிடுவதைப் பார்த்தாள். சிக்கு எடுக்கும்போது அம்மா தலையில் லேசாகக் குட்டுவாள், தலையை ஆட்டாமல் இருடி என்பாள், அந்தக் குட்டை அவள் எத்தனையோ முறை வெறுத்திருக்கிறாள். இப்போது அந்தக் குட்டு இன்னொருத்தியின் தலையில் விழுந்ததைப் பார்த்துத் தெருவில் நின்று அழுதாள்.

கடையில் பொட்டலம் மடிக்க ஆள் இல்லை என்று குருசாமி தேடிக்கொண்டிருந்தார். அவள் போய் அந்த வேலையைக் கேட்டாள். நின்றுகொண்டே செய்கிற வேலைக்குத் துண்டு தேவையில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று நாள் முழுக்க மடித்தாள், அவர் ஏம்மா, வாம்மா, போம்மா என்று மரியாதையாகப் பேசினார், அந்த மரியாதை அவளைக் கொன்றது.

மணிக்குப் பக்கத்திலேயே நின்றாலும் அதைத் தொட அவளுக்குக் கை வரவில்லை. இடைவேளையிலும் அம்மா தன்னைத் தெரியாதவளாகப் பார்த்துவிட்டால் அதற்கு மேல் போக இடமில்லை என்று பயந்தாள். உள்ளே இருந்த மாரிச்செல்விக்கோ எழுந்து வர வேண்டிய தேவையே இல்லை, உட்கார்ந்த இடத்தில் அவள் அத்தனை நிறைவாக இருந்தாள். அதனால் மணி அடிக்கவே இல்லை. தெரு கெட்டுப்போனது. சண்டைகள் கடைசி வரைக்கும் போய் முடிந்தன, ஓங்கிய கை இறங்கி அடியாக விழுந்தது. பொன்னுச்சாமி ஐயா வெளியே வந்து கடைசியாக ஒரு டீ குடிக்க வாய்க்காமலே போய்ச் சேர்ந்தார். எங்களுக்கு நாலு மணியானால் காரணம் தெரியாமல் கால் பரபரக்கும், எழுந்து வாசலுக்கு வந்து, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றுவிட்டு, உள்ளே போவோம்.

ஆவணியில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. கல்யாணப் புடவை எடுத்து வந்து வீட்டில் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அரக்கு நிறம் நல்லதா மாம்பழ நிறம் நல்லதா என்று பேச்சு கடை வரைக்கும் கேட்டது. தாலி ஏறிவிட்டால் சுகப்பிரியா என்கிற பெயரும் அவள் உட்கார்ந்த இடமும் சிவகாசிக்குப் போய்விடும், பிறகு திரும்பி வர இந்த வீட்டில் ஒன்றும் மிச்சம் இருக்காது. அது அவளுக்குப் புரிந்ததும் மடித்துக்கொண்டிருந்த பொட்டலம் கையில் இருந்து நழுவியது. சேவு தரையெல்லாம் சிதறியது. அதை மிதித்துக்கொண்டு போய் மணியை அடித்தாள்.

தெரு முழுக்க வெளியே வந்தது. எத்தனை நாளாயிற்று என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கூட்டத்துக்கு எதிராக அவள் மட்டும் உள்ளே ஓடினாள். பாயில் புடவைகள் விரிந்து கிடந்தன, அவள் இடத்தில் பூ வேலை செய்த கைக்குட்டை, நாலு மூலையும் நீவி, சுருக்கமில்லாமல் போட்டிருந்தது. அதன் முன்னால் குனிந்து நின்றாள். கையை நீட்டினாள். எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்தவளுக்கு இன்னொருவர் துண்டை எடுக்கக் கை எப்படி வரும்.

கதவில் சாய்ந்து மாரிச்செல்வி நின்றுகொண்டிருந்தாள். அவள் தடுக்கவில்லை.

"எடுத்துப் போட்டுட்டு உக்காரு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். "எனக்கு நின்னு பழக்கந்தான்."

சுகா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கல்லாவில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டு, எனக்கு இந்த வருஷம் ஒத்துக்கொள்ளவில்லை என்று தான் சொன்ன அத்தனை நாளும் இவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், ஒருநாளும் அவளைத் திரும்பிப் பார்த்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது. கையை எடுத்துக்கொண்டாள். வெளியே வந்து, மணிக்குக் கீழே சுவரில் சாய்ந்து நின்றாள்.

கையில் டீயோடு கனகமணி வந்து பக்கத்தில் நின்றாள். இடைவேளையில் தெரியாதவர்களோடு பேசுவதற்கு யாரும் கூச்சப்படுவதில்லை. சேவை நீட்டி, எடுத்துக்கோ என்றாள். சுகா எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"படம் எப்படிப் போகுது?" என்று மட்டும் கேட்டாள்.

கனகமணி உதட்டைப் பிதுக்கினாள். கல்யாணம், புடவை என்று நல்லபடியாகத்தான் போகிறது, குறை ஒன்றும் சொல்வதற்கில்லை, மகளாக வருகிறவளும் சொன்ன பேச்சைக் கேட்கிறாள் என்றாள். டீயை ஊதி ஊதிக் குடித்தாள். பிறகு கேட்டாள்.

"மொதப் பாதியில ஒரு பொண்ணு வந்துச்சே, புள்ளி போட்ட ஜாக்கெட்டு, கழுத்துல ஒரு கேமரா. எங்கயும் உக்காராது, ஓடிக்கிட்டே இருக்கும். அது எங்கதான் போச்சு? பாதியில ஆளையே காணோம்."

சுகா கழுத்துக் கேமராவின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"அது பண்ணுனதெல்லாம் கிறுக்குத்தனந்தான். ஆனா அதுக்காகத்தான் நான் உக்காந்து பாத்தேன். அது இல்லாம எனக்கு இருப்புக் கொள்ளல."

"திரும்பி வருமான்னு தெரியலயே" என்றாள் சுகா.

"வரும், வரும். மணி அடிக்காத நாள்லயும் நாலு மணிக்குக் கால் பரபரத்து எந்திரிக்கிறப்ப, எனக்கு ஒரு துண்டு போட்டா, பக்கத்துல ஒரு துண்டு சேத்துத்தான் போடுறேன். யாருக்குடி இதுன்னு எங்க வீட்டுல கேக்குறாக. எனக்கே தெரியல, கை பாட்டுக்குப் போட்டுருது." கனகமணி டம்ளரைக் கவிழ்த்து உதறினாள். அவளுடைய கழுத்துக் கேமராவைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடாமல் சிரித்தாள். "நீ தனியாவா வந்துருக்க? அப்ப வந்து அடுப்பங்கரையில எம் பக்கத்துல உக்காரு. எடம் சும்மாத்தான் கெடக்கு."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். டீயும் பொட்டலமும் தீர்ந்துவிட்டன, எல்லாரும் மணியைப் பார்த்தார்கள். தெரு வெயிலில் பளபளத்துக் கிடந்தது. கேமரா சுகாவின் நெஞ்சில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் சுவிட்சைப் போட்டாள். போட்ட கையோடு ஓடினாள், டீக்கடைப் பெஞ்சைத் தாண்டி, வேட்டியை உதறிக்கொண்டு நின்றவர்களை இடித்துக்கொண்டு, பெல்பாட்டம் காலில் தடுக்க, ஒரு செருப்பு வாசலிலேயே கழன்று விழ ஓடினாள், கூடத்துப் பாயைத் தாண்டி, புடவைகளைத் தாண்டி, அடுப்பங்கரைக்குள் நுழைந்தாள். அரிவாள்மனைக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பழைய மஞ்சள் துண்டு கிடந்தது. மணியின் கடைசிச் சத்தம் சுவரில் அதிர்ந்துகொண்டிருக்கும்போதே அதன்மேல் போய் விழுந்தாள்.

மணி ஓய்ந்தது.

கனகமணி அரிவாள்மனையில் உட்கார்ந்து, பாதி நறுக்கிய முருங்கைக்காயைக் கையில் எடுத்தாள். மாரி, அந்த மாம்பழ நிறமே இருக்கட்டும், உனக்கு அதுதான் எடுப்பு என்று கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். மாரிச்செல்வி பாயில் உட்கார்ந்தபடியே சரி சித்தி என்றாள். வாசலில் பூக்காரியிடம் குருசாமி மல்லிகை வாங்கி, எப்போதும் செய்கிறவர் மாதிரி இரண்டு பெண்களுக்கும் இரண்டு துண்டாக வெட்டச் சொன்னார். எங்கள் தெருவில் அதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை, கல்யாணப் பத்திரிகையில் மாரிச்செல்வி என்றே அச்சடித்தார்கள்.

சுகா துண்டின்மேல் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். இனி என்ன நடக்கும் என்று எந்தப் பழைய பாட்டுப் புத்தகத்திலும் அவள் படித்ததில்லை. கால் ஆடத் தொடங்கியது. எழுந்து வாசலுக்குப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்றிருந்தது.

"எத்தன தடவ சொல்லுறது, இந்தப் புள்ளி ஜாக்கெட்டத் தொவைக்கப் போடுன்னு" என்றாள் கனகமணி, முருங்கைக்காயில் இருந்து கண்ணை எடுக்காமல். "சேவு எண்ண நாத்தம் அடிக்குது, சுகா."

அவள் துண்டின் ஓரத்தை இழுத்துத் தொடைக்கு அடியில் நன்றாகச் சொருகிக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.